சக்கரத்தைக் கழற்றினால்தான் பேட்டரி

கிர்கிஸ்தானின் மலையூரான நரினில் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசல் குழாய்கூட உறைந்து கல்லாகிவிட்டிருந்தது. குபத் காருக்குள் உட்கார்ந்து சாவியைத் திருகினான். 'டிக்' என்று ஒரு சத்தம் வந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடி திருகினான். இந்த முறை அந்த 'டிக்'கும் வரவில்லை. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் எரிந்துகொண்டிருந்த சின்ன விளக்குகள் மெல்ல மங்கி அணைந்தன.

அவன் அப்படியே உட்கார்ந்திருந்தான். இது என்றைக்காவது நடக்கும் என்று அவனுக்குத் தெரியும். மூன்று வாரமாகவே வண்டி காலையில் இருமி இருமித்தான் கிளம்பியது. புது பேட்டரி ஒன்றை வாங்கிவந்து வீட்டுக்குள் செருப்பு விடும் இடத்தில் வைத்தும் பத்து நாளாகிவிட்டது. அவன் மனைவி சைராகுல் தினமும் அதில் கால் விரலை இடித்துக்கொண்டு, "இதை எப்பங்க வண்டியில ஏத்தப்போறீங்க? இல்ல, இங்கேயே குடிவச்சிடலாமா?" என்று கேட்பாள். "ஞாயித்துக்கிழமை" என்பான் குபத். எந்த ஞாயிற்றுக்கிழமை என்று சொன்னதில்லை.

காரணம் இருந்தது. மற்ற வண்டிகளில் பானட்டைத் திறந்தால் பேட்டரி கண்ணெதிரே உட்கார்ந்திருக்கும். இந்த வண்டியில் அது இடது முன்பக்க மட்கார்டின் வயிற்றுக்குள் ஒளிந்திருந்தது. ஜாக்கி போட்டு, சக்கரத்தைக் கழற்றி, அதற்கு உள்ளே இருக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் தட்டியையும் பிடுங்கினால்தான் அதன் முகம் தெரியும். இப்படி ஒரு இடத்தை யோசித்து வரைந்தவன், அன்று காலை பெண்டாட்டியோடு சண்டை போட்டுவிட்டு வேலைக்கு வந்திருப்பான் என்று குபத் நினைத்துக்கொண்டான்.

அகலமான, வெள்ளி நிறத்தில் மின்னும் அமெரிக்க வண்டி. கடல் தாண்டி, ஜார்ஜியா நாட்டு வழியாகத் தலைநகர் பிஷ்கெக்கின் கார் சந்தைக்கு வந்து சேர்ந்தது. நாலு வருடத்துக்கு முன்னால் அதை வாங்கப் போனபோது சகலை ஜுமாதிலும் கூட வந்திருந்தார். சைராகுலின் அக்கா ஜுராவின் கணவர். முப்பது வருடமாக லாரி ஓட்டுகிறவர். அவர் ஒரு ஜப்பான் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, தட்டிப் பார்த்து, "சகல, கண்ணை மூடிக்கிட்டு இதை வாங்கு" என்றார். குபத் கண்ணைத் திறந்துகொண்டு அமெரிக்க வண்டியை வாங்கினான். அன்றிலிருந்து எங்கே பார்த்தாலும் ஜுமாதிலின் முதல் கேள்வி ஒன்றுதான்: "என்ன சகல, உன் சின்னவீடு சௌக்கியமா?"

பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்துகிற, நாற்பத்து மூன்று வயதான மனிதனை நாலு பேர் நடுவில் வைத்து இப்படிக் கேட்டால் எப்படி இருக்கும்? வண்டிக்கு எது வந்தாலும் சகலை காதுக்குப் போகாமல் பார்த்துக்கொள்வதையே குபத் ஒரு வேலையாக வைத்திருந்தான்.

இன்றைக்குப் பார்த்து அந்தச் சகலையின் வீட்டில்தான் விருந்து. ஜுமாதிலின் மகனுக்குப் பெண் குழந்தை பிறந்து, முதன்முதலாகத் தொட்டிலில் போடுகிற நாள். ஆற்றோரமாகப் பதினைந்து கிலோமீட்டர் போனால் அவர்கள் கிராமம். விருந்துக்கான அறுபது தட்டும், டீ கொதிக்கவைக்கப் பள்ளிக்கூடத்துப் பெரிய சமோவாரும், சைராகுல் விடிய விடியப் பொரித்த நாலு கூடை போர்சோக் மாவுப் பலகாரமும் குபத்தின் வீட்டில் இருந்தன. பன்னிரண்டு மணிக்குள் எல்லாம் அங்கே போய்ச் சேர வேண்டும்.

சைராகுல் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். விருந்துக்கென்று கருநீல வெல்வெட் உடுப்பு போட்டிருந்தாள்.

"செத்துப்போச்சா?"

"கொஞ்சம் சோர்ந்திருக்கு."

"பக்கத்து வீட்டு வண்டியில இருந்து வயர் போட்டுப் பாருங்களேன்."

"பழசு உறைஞ்சு உப்பிப்போயிருக்கும். அதுக்குள்ள மின்சாரத்தை விட்டா வெடிச்சாலும் வெடிக்கும். சும்மாவா பௌதிகம் படிச்சேன்?"

"படிச்சவர் பத்து நாள் முன்னாடியே மாத்தியிருக்கலாம். சரி, டாக்ஸியைக் கூப்பிடுங்க."

"அறுபது தட்டோட டாக்ஸியில போய் இறங்கினா உங்க அத்தான் என்ன சொல்வார்னு தெரியாதா? அரை மணி நேரம் குடு சைரா. வீடியோல ஒருத்தன் இருபது நிமிஷத்துல மாத்துறான்."

"அவன் பனியன் போட்டுக்கிட்டு மாத்தியிருப்பான்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

சக்கரம் சொன்னபடி கேட்டது. நட்டுகளைத் தளர்த்தி, ஜாக்கி போட்டுத் தூக்கி, பத்து நிமிடத்தில் கழற்றிவிட்டான். குபத்துக்கே தன்மேல் ஒரு மரியாதை வந்தது. பனியில் பழைய கம்பளத்தை விரித்து, மல்லாந்து படுத்து, கறுப்புத் தட்டியைப் பிடித்திருந்த பிளாஸ்டிக் கிளிப்புகளில் கை வைத்தான். முதல் கிளிப் பட்டென்று உடைந்தது. இரண்டாவதும் உடைந்தது. குளிரில் பிளாஸ்டிக் பிஸ்கெட் மாதிரி ஆகியிருந்தது. மூன்றாவதை உடையாமல் எடுக்கவேண்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நெம்பினான். அது உடையவில்லை. வெளியே வரவும் இல்லை.

சைராகுல் கிண்ணத்தில் சூடாக டீ கொண்டுவந்து பம்பர்மேல் வைத்தாள். வெல்வெட் உடுப்புக்குமேல் அவனுடைய பழைய பஞ்சுக் கோட்டைப் போட்டிருந்தாள்.

"தலை காயவைக்கிற மெஷினைக் கொண்டாரட்டுமா? சூடு காட்டினா பிளாஸ்டிக் இளகும்."

"கார் வேலை பண்றேன் சைரா. சடை பின்னல."

"சரி சரி, உடைங்க" என்றாள் அவள்.

தட்டியை ஒருவழியாக மடக்கிப் பிடித்தபோது பதினொன்றரை ஆகியிருந்தது. உள்ளே இருட்டுக்குள் பேட்டரியின் ஒரு பக்கம் தெரிந்தது. நினைத்தபடியே வயிறு உப்பியிருந்தது. முதலில் கறுப்பு வயர், பிறகு சிவப்பு. வகுப்பில் சொல்கிற மாதிரி வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கழற்றினான். அடுத்ததுதான் வில்லங்கம். பேட்டரியின் காலடியில் ஒரு தகடு அதை அழுத்திப் பிடித்திருந்தது. தகட்டுக்கு ஒரே ஒரு போல்ட். அதைப் பார்க்க வேண்டுமானால் கை உள்ளே போகக்கூடாது. கை உள்ளே போனால் பார்க்க முடியாது. தடவித் தடவி ஸ்பேனரை மாட்டி இழுத்தான். வழுக்கியது. விரல் முட்டி எதிலோ மோதித் தோல் உரிந்தது. மறுபடி மாட்டினான், மறுபடி வழுக்கியது. நாலாவது தடவை அவன் ஸ்பேனரை ஓங்கி முற்றத்துக்கு அந்தப்பக்கம் வீசினான். அது பனிக்குள் புதைந்து காணாமல் போனது.

கைபேசி அடித்தது. ஜுமாதில்.

"சகல, எங்க இருக்கே? வீட்டுல ஆட்டுக்கறி வெந்து கரையுது, தட்டைக் காணோம்!"

"கிளம்பிட்டோம் சகல. பாலத்துக்கிட்ட வந்துட்டோம்" என்றான் குபத், பனிக்குள் முழங்கால் போட்டு ஸ்பேனரைத் தேடிக்கொண்டே.

"பாலத்துலயா? உங்களைத் தேடிக்கிட்டு வந்து அங்கதான் நானும் நிக்கிறேன். உன் பளபளப்பு கண்ணுல படலையே?"

குபத் வாயைத் திறந்தான். "இல்ல சகல..." என்பதற்குள் அந்தப் பக்கம் தொடர்பு அறுந்தது. பாலத்திலிருந்து வீட்டுக்கு ஐந்து நிமிட வழி. அந்த ஐந்து நிமிடத்தில் அவனால் செய்ய முடிந்தது ஸ்பேனரைக் கண்டுபிடித்தது மட்டும்தான்.

ஜுமாதிலின் ஜப்பான் வண்டி வாசலில் வந்து நின்றது. தாத்தா ஆனதற்காக வாங்கிய புதுச் சாம்பல் நிறக் கோட்டும் தலையில் வெள்ளைக் கல்பாக் தொப்பியுமாக அவர் இறங்கினார். முற்றத்தைப் பார்த்தார். மூன்று சக்கரத்தில் நிற்கும் வண்டி, உடைந்த கிளிப்புகள், ரத்தக் கறை படிந்த துணி, எல்லாவற்றுக்கும் நடுவில் பனி ஒட்டிய மீசையோடு சகலை.

"யா அல்லா" என்றார். "பல்லி வாலை விடுற மாதிரி சக்கரத்தையா விட்டிருக்கு?"

"பேட்டரி மாத்துறேன்."

"பேட்டரியா? பேட்டரிக்கு எதுக்குடா சக்கரத்தைக் கழட்டினே?"

"அங்கதான் இருக்கு."

ஜுமாதில் குனிந்து உள்ளே பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்து பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். ஜப்பான் வண்டியின் பானட்டில் கையூன்றி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சைராகுல் வெளியே வந்தவள், கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துச் சிரிப்பை அடக்கிப் பார்த்தாள், பிறகு அவளும் சிரித்தாள்.

"சின்னவீடுன்னு நான் தெரியாமதான் சொன்னேன் கொழுந்தியா. இவ நகையை எங்க ஒளிச்சு வச்சிருக்கா பாரு!"

"சிரிங்க அத்தான், நல்லா சிரிங்க. அப்படியே தட்டை உங்க வண்டியில ஏத்திக்கிட்டுப் போங்க. அங்க எல்லாரும் காத்துக்கிட்டிருப்பாங்க."

 குபத்தின் காதுமடல் சிவந்திருந்தது குளிரால் மட்டும் அல்ல. கம்பளத்தில் மறுபடி படுத்து ஸ்பேனரை மாட்டினான். அது மறுபடி வழுக்கி, அதே முட்டியில், அதே புண்ணில் பட்டது. அவன் கையை அக்குளில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினான்.

ஜுமாதிலின் சிரிப்பு நின்றது. அவர் புதுக் கோட்டைக் கழற்றிச் சைராகுலிடம் கொடுத்தார். கல்பாக்கைத் தனியாகக் கொடுத்தார். தன் வண்டியின் டிக்கியிலிருந்து ஒரு இரும்புக் குழாயை எடுத்துவந்தார்.

"தள்ளிப் படுடா."

"நீங்க போங்க சகல. வீட்டுல விருந்தை வச்சுக்கிட்டு..."

"உன்னை இப்படிப் போட்டுட்டுப் போய் அங்க எனக்கு எப்படித் தொண்டையில கறி இறங்கும்? தள்ளு. கொழுந்தியா, தலை காயவைக்கிற மெஷின் இருக்கா?"

சைராகுல் புருஷனைப் பார்த்தாள். குபத் வேறு பக்கம் பார்த்தான். அவள் உள்ளே போய், சமையலறை ஜன்னல் வழியாக நீள வயரை விட்டு, மெஷினைக் கொண்டுவந்தாள். சூடு காட்டியதும் மிச்சமிருந்த கிளிப்புகள் குழந்தை வாயிலிருந்து பால்பல் விழுவது மாதிரி வந்தன. பிறகு ஸ்பேனரின் வாலில் இரும்புக் குழாயைச் செருகி, அது போல்ட்டின் தலையிலிருந்து நழுவாமல் குபத் விரலால் அழுத்திப் பிடித்துக்கொள்ள, ஜுமாதில் குழாயை இழுத்தார்.

"வருதா?"

"வரல."

"பாட்டுப் பாடிக் கூப்பிடுடா. வாத்தியார் குரலுக்குப் பயந்தாவது வரும்."

கிறீச்சென்று அது அசைந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "ஆங்!" என்றார்கள்.

அப்போதுதான் ஜுமாதிலின் சட்டைப் பையில் கைபேசி அலறியது. ஜுரா. மட்கார்டுக்கு அடியில் படுத்திருந்த குபத்துக்கு அவள் பேசியது அத்தனையும் கேட்டது.

"எங்க போய்த் தொலைஞ்சீங்க? சம்பந்தி வீட்டுக்காரங்க வந்து உக்காந்திருக்காங்க. தாத்தாவைக் காணோம், தட்டைக் காணோம். என் தங்கச்சி புருஷன் வண்டி மறுபடியும் படுத்துக்கிச்சா?"

குபத் கண்ணை மூடிக்கொண்டான். இன்னும் ஒரு மணி நேரத்தில் அறுபது பேருக்குத் தெரிந்துவிடும். அடுத்த பத்து வருடத்துக்கு இந்தக் கதைதான்.

"அவன் வண்டிக்கு என்ன, நல்லாத்தான் இருக்கு" என்றார் ஜுமாதில். "என் வண்டிதான் ஜுரா. ரேடியேட்டர்ல தண்ணி உறைஞ்சுபோச்சு. சகலதான் வந்து உதவி பண்ணிக்கிட்டிருக்கான்."

"தண்ணியா? இந்தக் குளிர்ல ரேடியேட்டர்ல தண்ணியா ஊத்தி வச்சிருந்தீங்க? நீங்களா?"

"மறந்துட்டேன். வயசாகுதுல்ல."

அந்தப் பக்கம் ஜுரா அதை உரக்க யாருக்கோ சொல்வதும், பல பேர் சிரிப்பதும் கேட்டது. அந்த ஊரில் இந்தக் குளிர் மாதத்தில் ரேடியேட்டரில் உறையாத மருந்து கலக்காமல் வெறும் தண்ணீர் வைத்திருப்பவன் வண்டி ஓட்டவே லாயக்கில்லாதவன். ஜுமாதில் கைபேசியைப் பையில் போட்டுக்கொண்டு, ஒன்றும் நடக்காத மாதிரி மறுபடி குழாயைப் பிடித்தார்.

"எதுக்கு சகல அப்படிச் சொன்னீங்க?"

"போல்ட்டைப் பாருடா. பேச்சு அப்புறம்."

பழைய பேட்டரி வெளியே வருவதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. இப்படித் திருப்பினால் தட்டியில் இடித்தது, அப்படித் திருப்பினால் ஒரு குழாயில் இடித்தது. மாவட்ட ஆஸ்பத்திரியில் பல் டாக்டராக இருக்கும் சைராகுல் தலைக்குமேல் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "நேரா இழுக்காதீங்க. முதல்ல உள்ள தள்ளி, அப்புறம் கன்னத்துப் பக்கமா சாய்ச்சு எடுங்க. ஞானப்பல் அப்படித்தான் வரும்" என்றாள். கன்னத்துப் பக்கமாகச் சாய்த்தார்கள். வந்துவிட்டது. அதே வழியில் புதியதைத் திருப்பி ஏற்றினார்கள். தகட்டை வைத்தார்கள். ஜுமாதில் போல்ட்டை எடுத்து, துடைத்து, உள்ளே கொண்டுபோய்...

டங். டிங். பிறகு சத்தமே இல்லை.

"விட்டுட்டீங்களா?"

"விரல் மரத்துப்போச்சுடா" என்றார் ஜுமாதில், முதன்முதலாகக் குற்றவாளிக் குரலில். பம்பருக்குள் எங்கேயோ, கை எட்டாத ஒரு சந்தில் அது விழுந்திருந்தது.

"அது இல்லாமலே போனா என்ன?"

"மேட்டுல ஒரு குலுக்கு குலுக்கினா பேட்டரி சக்கரத்து மேல உக்காந்துக்கும். முப்பது வருஷம் ஓட்டினவன் சொல்றேன், வேணாம்."

இரண்டு பேரும் தலையைத் தலையோடு முட்டிக்கொண்டு ஒரே ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தார்கள். சைராகுல் உள்ளே போய், தோல் பை ஒன்றோடு திரும்பி வந்தாள். பஞ்சுக் கோட்டை இழுத்துக் கட்டிக்கொண்டு கம்பளத்தில் மண்டியிட்டாள்.

"உடுப்பு பாழாயிடும் சைரா" என்றான் குபத்.

"ரெண்டு பேரும் எழுந்திரிங்க. லைட்டைப் பிடிங்க. யாரும் பேசக்கூடாது."

நீளக் காம்பு வைத்த குட்டிக் கண்ணாடியை அவள் சந்துக்குள் விட்டாள். இடது கை கண்ணாடியைத் திருப்பியது. வலது கையில் வளைந்த இடுக்கி. அவள் முகத்தில் வேறொரு அமைதி வந்திருந்தது. ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் இந்த முகத்தோடு அவளைக் குபத் பார்த்ததே இல்லை. அவள் வேலை செய்யும் இடத்துக்கு அவன் எதற்குப் போகிறான்? கல்யாணமாகிப் பதினாறு வருடம் ஆகியும் பார்க்காத ஒன்றைப் பார்க்கிறோம் என்று தோன்றியது. லைட்டைப் பிடித்திருந்த கை ஆடாமல் பார்த்துக்கொண்டான்.

"இந்தா இருக்கார்" என்று மெல்லச் சொன்னாள். இடுக்கி வெளியே வந்தபோது அதன் நுனியில் போல்ட் இருந்தது. அதை யாரிடமும் கொடுக்காமல் அவளே உள்ளே கொண்டுபோய்த் துளையில் வைத்து, விரல் நுனியால் இரண்டு சுற்றுத் திருகிவிட்டுத்தான் எழுந்தாள். முழங்காலில் வெல்வெட் நனைந்து பனி ஒட்டியிருந்தது.

"இனிமே கிளிப்பை உடைக்கிற ஆளுங்க உடைக்கலாம்" என்றாள்.

போல்ட்டை இறுக்கி, வயர்களையும் சக்கரத்தையும் மாட்டியபின் குபத் சாவியைத் திருகினான். ஒரே திருகு. வண்டி முழுக் குரலில் கிளம்பியது. ஜுமாதில் அதன் பானட்டைத் தட்டிக்கொடுத்து, "நல்லா இரும்மா" என்றார்.

விருந்து வீட்டுக்குப் போய்ச் சேர மணி ஒன்றரை. தட்டுகள் இறங்கின, கறி வந்தது, குழந்தையைத் தொட்டிலில் போட்டார்கள். அது கொட்டாவி விட்டுவிட்டு உடனே தூங்கிவிட்டது. ஆனால் கூடத்தில் பேச்சு முழுக்க ரேடியேட்டரைப் பற்றித்தான். கெரிம்பாய் பெரியவர், ஜுமாதிலுக்கு லாரி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர், பல்லில்லாத வாயால் சொன்னார்: "ஜுமாதில், உன் வண்டியில டீயா ஊத்தி ஓட்டுறே? அப்ப பாலும் கொஞ்சம் சேத்துக்க." கூடம் அதிர்ந்தது. ஜுமாதில் தலையைக் குனிந்து கறியை நறுக்கிக்கொண்டே சிரித்தார். ஜுரா போகிறபோதும் வருகிறபோதும் "தண்ணியாம், தண்ணி!" என்று முனகினாள்.

குபத் கையில் எடுத்த போர்சோக்கைத் தட்டிலேயே திருப்பி வைத்தான். குழந்தைக்கு ஒவ்வொருவராக எழுந்து வாழ்த்துச் சொன்னார்கள். அவன் முறை வந்தது. எழுந்தான். குழந்தைக்கு நீண்ட ஆயுள் வேண்டும், நல்ல மனது வேண்டும், அதெல்லாம் சொன்னான். உட்காரவில்லை.

"இன்னொண்ணு சொல்லணும். சகல வண்டியில தண்ணி இல்ல. என் வண்டிதான் செத்துப்போச்சு. பத்து நாளா பேட்டரி மாத்தாம வச்சிருந்தேன். பேட்டரி மாத்த சக்கரத்தைக் கழட்டணும். நான் பௌதிக வாத்தியார், ஒரு போல்ட்டைக் கழட்ட முடியல. இவரு புதுக் கோட்டைக் கழட்டிட்டுப் பனியில படுத்தாரு. என் மானத்தைக் காப்பாத்த தன்னோடதை வித்தாரு. அந்தப் போல்ட்டைக் கடைசியில கண்டுபிடிச்சது என் பெண்டாட்டி, பல் பிடுங்குற இடுக்கியால."

 கூடத்தில் எழுந்த சிரிப்பில் குழந்தை விழித்துக்கொண்டது. சைராகுல் கையால் முகத்தை மூடிக்கொண்டாள், தோள் குலுங்கியது. ஜுரா கணவனின் முதுகில் ஒன்று வைத்தாள், அடி மாதிரியும் இல்லை, தடவல் மாதிரியும் இல்லை.

"முட்டாள்" என்றார் ஜுமாதில், பக்கத்தில் வந்து உட்கார்ந்த குபத்திடம். "உனக்காகப் பெரியவர்கிட்ட எவ்வளவு வாங்கிக் கட்டிக்கிட்டேன். எல்லாத்தையும் கவுத்துட்டியே."

"பரவாயில்ல சகல. இனிமே என்னைத்தான் கேப்பாங்க."

"கேப்பாங்களா? நான் விடுவேனா? கேக்கிறது என் உரிமைடா" என்று சொல்லி, ஜுமாதில் தன் தட்டிலிருந்த நல்ல விலாக்கறியாக ஒன்றை எடுத்து அவன் வாயருகே கொண்டுவந்தார். குபத் வாயைத் திறந்தான்.

டீ வந்தபோது, சம்பந்தி வீட்டுப் பக்கம் உட்கார்ந்திருந்த பருத்த மனிதர் ஒருவர் எழுந்து வந்து குபத்தின் பக்கத்தில் குந்தினார். ஜுமாதிலின் மருமகளுக்குத் தாய்மாமனாம், அத்-பாஷியில் மருந்துக்கடை வைத்திருக்கிறாராம். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"வாத்தியாரே, அந்த வெள்ளி நிற வண்டி உங்களோடதுதானே? என்கிட்ட அதே வண்டிதான், சிவப்பு. போன மாசம்தான் வாங்கினேன். நாலு நாளா பானட்டைத் திறந்து வச்சுத் தேடுறேன், பேட்டரி கிடைக்கல. அது இல்லாமலேயே ஓடுற வண்டின்னு பொண்டாட்டிகிட்ட சொல்லி வச்சிருக்கேன். எந்தச் சக்கரம்னு சொன்னீங்க?"

குபத் ஜுமாதிலைப் பார்த்தான். ஜுமாதில் சிரிப்பை அடக்கமுடியாமல் கல்பாக்கை முகத்துக்கு முன்னால் இழுத்துக்கொண்டார்.

"இடது முன்சக்கரம்" என்றான் குபத். "நீங்களா கை வைக்காதீங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை நாங்க மூணு பேரும் வர்றோம்."